பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும்

முதியவர்க்கு இடைக்காலப் பராமரிப்பு ஏற்பாடு செய்ய விழைவோர்க்கு ஒரு வழிகாட்டி

முதுமைக் காலத்துக்காகச் சேமிக்க வேண்டும் என்று வங்கிகள் அடிக்கடி வலியுறுத்துகின்றன. ஆனால் முதியவர் ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர் பத்து நாள் விலகியிருக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. வங்கிக் கிளைகளின் முகப்பில் இந்தக் கேள்வி வேறு உருவில் வந்து நிற்கிறது. வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரும்படி அவசரமாகக் கேட்டு வருவோரில் சிலர், அறுவை சிகிச்சை தங்களுக்குத்தான் என்கின்றனர். ‘ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டீர்கள்?’ என்று கேட்டால், ‘படுக்கையில் இருக்கும் மாமியாரை யார் பார்ப்பது?’ என்பதே பதிலாக வருகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10.38 கோடிப் பேர். மக்கள்தொகையில் அது 8.6 விழுக்காடு. அதன்பின் இந்த எண்ணிக்கை மேலும் உயர்ந்தே வந்துள்ளது. இவர்களுள் பிறர் உதவியின்றி அன்றாட வாழ்வை நடத்த இயலாதவர்களைப் பெரும்பாலும் வீட்டாரே பார்த்துக்கொள்கின்றனர். அந்தச் சுமையும் குடும்பம் முழுவதற்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. மனைவி, மருமகள், மகள் ஆகியோரில் ஒருவர் மீதே அது இறங்குகிறது. அந்த ஒருவர் நோயுற்றால் மொத்த ஏற்பாடும் நிலைகுலைந்து போகிறது.

ஆகவே, முதியவரின் பராமரிப்பைத் திட்டமிடும் குடும்பம் பராமரிப்பவரின் ஓய்வையும் அதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவசரம் வந்த பின் தேடினால் ஏதோ ஓர் இடம் கிடைக்கும்; முன்கூட்டியே தேடினால்தான் தகுந்த பராமரிப்புக் கிடைக்கும்.

இடைக்காலப் பராமரிப்பு என்பது யாது?

வழக்கமாக முதியவரைப் பார்த்துக்கொள்பவர் சில மணி நேரமோ, சில நாள்களோ, சில வாரங்களோ அப்பொறுப்பிலிருந்து விலகியிருக்கும்போது, அதனை வேறொருவர் அல்லது வேறொரு நிறுவனம் ஏற்று நடத்துவதே இடைக்காலப் பராமரிப்பு. ‘ரெஸ்பைட் கேர்’ என்று மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வழங்கப்படுவது இதுவே. முதியவர் மீண்டும் தம் வீட்டுக்கே திரும்புகிறார் என்பதுதான் இதற்கும் நிரந்தர இல்லச் சேர்க்கைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

இதற்கு நம் நாட்டில் நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, உறவினர் ஒருவர் வந்து தங்குவது அல்லது முதியவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்வது. செலவு குறைந்ததும் முதியவருக்கு மிகவும் இணக்கமானதும் இதுவே. எனினும் வரும் உறவினர்க்குப் படுக்கையிலிருந்து எழுப்புதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல் போன்றவற்றில் பழக்கம் இருக்க வேண்டும். இரண்டாவது, பராமரிப்பு உதவியாளரையோ செவிலியரையோ வீட்டுக்கே வரவழைப்பது. மூன்றாவது, பகல்நேரப் பராமரிப்பு மையம். காலையில் கொண்டுவிட்டு மாலையில் அழைத்து வரும் இம்முறை, ஓரளவு நடமாட்டம் உள்ளவர்களுக்கும் தொடக்கநிலை மறதிநோய் உள்ளவர்களுக்கும் ஏற்றது. நான்காவது, முதியோர் இல்லத்திலோ நீண்டகாலப் பராமரிப்பு மையத்திலோ குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் தங்கவைப்பது.

இந்த நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. இரண்டை இணைத்துப் பயன்படுத்துவதே பல குடும்பங்களுக்குப் பொருந்துகிறது.

எத்தனை நாள் தேவை?

இக்கேள்விக்குப் பலரும் குறைவான விடையையே தருகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். 81 வயது மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். 54 வயது மருமகள் அவரைப் பார்த்துக்கொள்கிறார். கணவர் வெளிமாநிலத்தில் பணிபுரிகிறார். மருமகளுக்குக் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். மருத்துவமனையில் நான்கைந்து நாள் இருந்தால் போதும் என்றவுடன், ஒரு வாரத்துக்கு ஆள் கிடைத்தால் போதும் என்று குடும்பம் கணக்கிடுகிறது.

ஆனால் இத்தகைய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துவது வழக்கம். படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் நாற்காலிக்கு மாற்றுவதும் கனம் தூக்கும் வேலைகளே. எட்டாம் நாள் அந்த மருமகள் மீண்டும் மாமியாரைத் தூக்கினால் சிகிச்சையின் பயன் கெடும். ஆகவே பராமரிப்பவர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களோடு, அவர் முழுமையாகத் தேறும் நாள்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ‘எப்போது வீடு திரும்பலாம்?’ என்று கேட்பதோடு, ‘எப்போதிருந்து இன்னொருவரைத் தூக்கலாம்?’ என்றும் தம் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

மேற்கண்ட குடும்பத்துக்கு, முதல் 12 நாள் மாமியாரை ஓர் இல்லத்தில் தங்கவைத்து, அடுத்த 30 நாள் பகலில் மட்டும் ஓர் உதவியாளரை வீட்டில் அமர்த்தி, இரவுப் பொறுப்பைக் கணவர் விடுப்பெடுத்து ஏற்பது பொருத்தமான ஏற்பாடாக இருக்கும்.

நோய் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. மகளின் பேறுகாலம், மகனின் திருமணம், வெளியூர்ப் பணி, நீண்டநாள் தூக்கமின்மையால் வந்த தளர்ச்சி ஆகியவையும் ஏற்கத்தக்க காரணங்களே. இரவில் நான்கு முறை எழுந்து முதியவரைக் கவனிப்பவர், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாரம் முழுமையாக உறங்க விரும்புவதில் குற்றம் எதுவுமில்லை.

தேவையை எழுதிப் பாருங்கள்

இடம் தேடத் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து முதியவரின் அன்றாடத் தேவைகளை எழுத வேண்டும். வீட்டில் பராமரிப்பவரின் மனத்தில் மட்டும் இருக்கும் நுணுக்கங்கள் பல, எழுதும்போதுதான் வெளிப்படும்.

குளிப்பது, உடை மாற்றுவது, உண்பது, கழிப்பறைக்குச் செல்வது, படுக்கையிலிருந்து எழுவது, நடப்பது ஆகிய ஒவ்வொன்றையும் அவர் தாமாகச் செய்கிறாரா, சிறிது உதவி வேண்டுமா, முழு உதவி வேண்டுமா என்று குறியுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பன அடுத்து வர வேண்டும். ஒவ்வாமை, நீரிழிவு, இரத்த அழுத்தம், முன்னர்க் கீழே விழுந்த நிகழ்வுகள், விழுங்குவதில் சிரமம், சிறுநீர்க் குழாய் அல்லது மூக்குவழி உணவுக் குழாய் இருப்பின் கடைசியாக அதனை மாற்றிய நாள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

இவற்றுக்குப் பின் அவருடைய பழக்கங்களை எழுதுங்கள். காலையில் பல் துலக்கும் முன்பே காப்பி வேண்டும். சாதத்தைக் குழைத்துத் தந்தால்தான் இறங்கும். இரவில் விளக்கை முற்றிலும் அணைத்தால் அச்சம் கொள்வார். இடக் காதில் பேசினால்தான் கேட்கும். வெளியார்க்கு இவை அற்பமாகத் தோன்றக்கூடும். ஆயினும் புதிய இடத்தில் முதியவரின் முதல் இரவு அமைதியாகக் கழிவதும் கழியாததும் இவற்றைப் பொறுத்தே அமையும். மறதிநோய் உள்ளவர்களுக்கு இட மாற்றமே குழப்பத்தை மிகுவிக்கும் என்பதால், அவர் வழக்கமாகப் போர்த்தும் போர்வை, வழிபடும் படம், குடும்பப் புகைப்படம் ஆகியவற்றை உடன் அனுப்புவது உதவும்.

எங்கே தேடுவது?

முதற்படியாக, முதியோர்க்கான தேசிய உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். ‘எல்டர்லைன்’ எனப்படும் இச்சேவை கட்டணமின்றி, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. தங்கள் மாவட்டத்தில் உள்ள முதியோர் இல்லங்கள், பகல்நேர மையங்கள், மருத்துவ வசதிகள் குறித்த தகவல்களை இதில் கேட்கலாம். 1978இல் தொடங்கப்பட்ட ஹெல்ப்பேஜ் இந்தியா அமைப்பும் 1800-180-1253 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை நடத்தி வருகிறது.

மறதிநோய் உள்ளவர்களுக்குப் பொதுவான முதியோர் இல்லங்கள் எல்லாம் ஏற்றவை அல்ல. அவர்கள் தம்மையறியாமல் வெளியேறிச் செல்லாதவாறு பாதுகாப்பும், பயிற்சி பெற்ற பணியாளர்களும் அங்கே தேவை. 1992இல் கேரளத்தில் தோன்றி இன்று பல நகரங்களில் கிளைகளைக் கொண்டுள்ள அல்சைமர் சங்கத்தை இதற்காக அணுகலாம். ஏஆர்டிஎஸ்ஐ என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. பெங்களூருவில் உள்ள நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் மறதிநோயாளர்களுக்கான உறைவிடப் பராமரிப்பில் நீண்ட அனுபவம் உடையது.

படுத்த படுக்கையாக இருப்போர்க்கும் தீரா நோயுற்றோர்க்கும் வலிநிவாரண மற்றும் ஆதரவுச் சிகிச்சை அமைப்புகள் உதவுகின்றன. இத்துறையில் கேரளம் முன்னோடியாகும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய இம்முயற்சி, தன்னார்வலர்களும் உள்ளாட்சி அமைப்புகளும் இணைந்து வீடு தேடிச் சென்று கவனிக்கும் அமைப்பாக வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையும் வகுத்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். இத்தகைய சேவைகள் முழுநேரப் பராமரிப்புக்கு மாற்றாக மாட்டா. எனினும் நம் பகுதிக்கு வந்து செல்லும் செவிலியர்க்கு, எந்த இல்லம் நன்றாக நடக்கிறது, எந்த உதவியாளர் நம்பகமானவர் என்பது தெரிந்திருக்கும். அவரிடம் கேட்பது பயனளிக்கும்.

மூத்த குடிமக்களுக்கான மத்திய அரசின் ஒருங்கிணைந்த திட்டத்தின் கீழ், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் முதியோர் இல்லங்களுக்கும் தொடர் பராமரிப்பு இல்லங்களுக்கும் மறதிநோயாளர் இல்லங்களுக்கும் நிதியுதவி அளிக்கப்படுகிறது. அவ்வாறு உதவி பெறும் இல்லங்கள் எவை என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றேனும் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய இல்லம் அமைப்பது பற்றிக் கூறுகிறது. அவை வறிய முதியோர்க்கானவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நேரில் பார்க்க வேண்டியவை

இல்லத்தின் விளம்பரத்தில் காணும் தோட்டமும் வரவேற்பறையும் முடிவுக்கு அடிப்படையாக அமைதல் ஆகாது. இயன்றால் இருமுறை செல்லுங்கள். ஒருமுறை முன்னறிவிப்புடனும், மற்றொருமுறை மாலை ஆறு மணிக்குப் பின்னரும் செல்வது நலம். பகற்பணியாளர்கள் சென்ற பின் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதே உண்மை நிலையைக் காட்டும்.

அங்கே முதலில் கழிப்பறையைப் பாருங்கள். பிடிமானக் கம்பி உள்ளதா, தரை வழுக்குகிறதா, சக்கர நாற்காலி உள்ளே நுழையுமா என்று கவனியுங்கள். அடுத்து, ஏற்கெனவே தங்கியிருப்பவர்களின் நகங்களையும் உடைகளையும் உதடுகளையும் நோக்குங்கள். நகம் வெட்டப்பட்டு, உடை உலர்ந்து, உதடு வறளாமல் இருந்தால், கவனிப்பு நடக்கிறது என்று பொருள்.

பின்னர்ப் பொறுப்பாளரிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இரவில் எத்தனை முதியவர்க்கு ஒரு பணியாளர்? செவிலியர் எந்நேரமும் இருப்பாரா, அழைத்தால் வருவாரா? மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வாகனத்தில் கொண்டுசெல்வீர்கள்? படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிட்டு அதனைப் பதிவேட்டில் எழுதுகிறீர்களா? இக்கடைசிக் கேள்வி மிக இன்றியமையாதது. படுக்கைப்புண் சில நாள்களிலேயே தோன்றிவிடும். ஆறுவதற்கு மாதங்கள் ஆகலாம்.

நீண்டகாலம் தங்குவோரை மட்டுமே சேர்க்கும் இல்லங்களும் உண்டு. குறைந்தபட்சம் ஒரு மாதக் கட்டணம் கேட்பவையும் உண்டு. ஆகவே குறுகிய காலத் தங்கலை ஏற்கிறார்களா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொண்டு புறப்படுவது அலைச்சலைக் குறைக்கும்.

வீட்டுக்கு வரும் உதவியாளர்

உதவியாளர் வேறு; செவிலியர் வேறு. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், துணையாக இருத்தல் ஆகியவற்றை உதவியாளர் செய்யலாம். ஊசி போடுதல், காயத்துக்குக் கட்டு மாற்றுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற செவிலியரே செய்ய வேண்டும். குறைந்த கட்டணத்துக்கு ஆசைப்பட்டு உதவியாளரிடம் செவிலியர் பணியை ஒப்படைப்பது ஆபத்தானது.

முகமை வழியாக ஆள் அமர்த்தினால், அவருடைய அடையாளச் சான்றின் நகலையும் முன்பு பணிபுரிந்த இரு குடும்பங்களின் தொடர்பையும் கேட்டுப் பெறுங்கள். காவல் நிலையத்தில் பணியாளர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பியுங்கள். ஒருநாள் வரவில்லையெனில் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்துக்குள் வருவார், உணவு யார் பொறுப்பு, உறங்கும் நேரம் எவ்வளவு என்பன எழுத்தில் இருக்கட்டும். இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே மனிதர் விழித்திருக்க முடியாது. இரவில் அடிக்கடி எழும் முதியவர்க்கு இரண்டு பேர் தேவைப்படலாம் என்பதை முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பராமரிப்பவர் மருத்துவமனைக்குச் செல்வதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக உதவியாளர் பணியில் சேர்ந்து, அவர் முன்னிலையிலேயே வேலைகளைப் பழகிக்கொள்வது நல்லது.

செலவும் காப்பீடும்

பராமரிப்புக் கட்டணம் ஊருக்கு ஊர், இல்லத்துக்கு இல்லம் மாறுபடும். கணக்கிடும் முறையை மட்டும் இங்கே காட்டுகிறோம், தொகைகள் எடுத்துக்காட்டுக்கானவை. முன்பு கூறிய குடும்பத்தில் இல்லத் தங்கல் நாளொன்றுக்கு ₹1,500 வீதம் 12 நாளுக்கு ₹18,000. பகல்நேர உதவியாளருக்கு நாளொன்றுக்கு ₹800 வீதம் 30 நாளுக்கு ₹24,000. டயப்பர், மருந்து, வாகனம் ஆகியவற்றுக்கு ₹6,000. ஆக மொத்தம் ₹48,000. எதிர்பாராத நீட்டிப்புக்கென்று இதில் கால் பங்கு, அதாவது ₹12,000 சேர்த்தால் ₹60,000 ஆகிறது.

ஒரே நாளில் இத்தொகையைத் திரட்டுவது கடினம். மாதம் ₹5,000 வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பாகவோ, மாதம் ₹2,500 வீதம் ஈராண்டுத் தொடர் வைப்பாகவோ சேர்த்தால், வட்டியை விடுத்தே இத்தொகை கைக்கு வரும். இத்தொடர் வைப்பைப் பராமரிப்பவரின் பெயரிலேயே தொடங்குவது சிறந்தது. அவருடைய ஓய்வுக்கான பணம் அவர் கையெழுத்தில் இருக்கும்போது, அதனை வேறு செலவுக்குத் திருப்புவதற்கு முன் குடும்பம் ஒருமுறை சிந்திக்கும்.

‘மருத்துவக் காப்பீடு இருக்கிறதே’ என்று நம்பியிருப்போர் ஓர் உண்மையை அறிய வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது விலக்குகளின் வரிசையில் ஐந்தாம் எண் விலக்கு, ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, இடைக்காலப் பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றியதே. பாலிசி ஆவணத்தில் ‘எக்ஸ்கிளூஷன் 05’ என்ற குறியீட்டுடன் அது அச்சிடப்பட்டிருக்கும். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், நடமாட உதவுதல் போன்ற பராமரிப்புச் செலவுகள், அவை வீட்டில் நிகழ்ந்தாலும் நிறுவனத்தில் நிகழ்ந்தாலும், இவ்விலக்கின் கீழ் வருகின்றன. இவ்விலக்கு உள்ள பாலிசியில் அவற்றுக்கு இழப்பீடு கிட்டாது.

70 வயது நிரம்பியோர்க்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை சிகிச்சைப் பாதுகாப்பு அளிக்கும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. திட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில் இது பெரும் உதவியே. ஆயினும் அதுவும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. பராமரிப்பு இல்லக் கட்டணத்துக்கானது அன்று.

வருமான வரியில் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தோர்க்கு ஒரு சலுகை உண்டு. தம்மைச் சார்ந்து வாழும் பெற்றோர்க்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றுத்திறன் இருப்பதாக உரிய மருத்துவ அதிகாரியின் சான்று இருந்து, அவர்களின் சிகிச்சைக்கோ செவிலியர் உதவிக்கோ செலவு செய்தால், ₹75,000 கழிவு கோரலாம். 80 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள கடுமையான நிலையில் அது ₹1,25,000. பக்கவாதத்தால் கை கால் செயலிழந்தவர்க்கு இச்சான்று பெற்றுள்ளீர்களா என்று பாருங்கள்; தங்கள் தணிக்கையாளரையும் கலந்துகொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு தொடர்பான ஏற்பாடுகள்

பொறுப்பு கைமாறும் நாள்களில் பணம் தவறான கைக்குப் போகும் வாய்ப்பும் மிகுகிறது. முதியவரின் ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் உதவியாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்வது சில வீடுகளில் வழக்கமாக உள்ளது. இதனைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அன்றாடச் செலவுக்குச் சிறு தொகையை ரொக்கமாகக் கொடுத்து, வரவு செலவுக்கு ஒரு நோட்டு வைத்தால் போதும். யுபிஐ சர்க்கிள் வசதியைப் பயன்படுத்துவோர், ஒவ்வொரு செலவுக்கும் தாம் ஒப்புதல் அளிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, நம்பகமான உறவினரை அதில் இணைக்கலாம். நகைகளையும் வைப்புநிதி ரசீதுகளையும் லாக்கருக்கு மாற்றிவிடுங்கள். இல்லத்தில் அடையாளச் சான்று கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதார் நகலைத் தரலாம்.

70 வயதைக் கடந்தவர்களுக்கும் நோயாலோ மாற்றுத்திறனாலோ நடமாட இயலாதவர்களுக்கும், பணம் அளித்தல், பணம் பெறுதல், உயிர்வாழ் சான்றிதழ் பெறுதல் உள்ளிட்ட அடிப்படைச் சேவைகளை இருப்பிடத்திலேயே அளிக்கும்படி 2017 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. தங்கள் கிளையில் இதற்குப் பதிவு செய்துகொள்ளலாம். கையெழுத்திட இயலாதவர், விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கவும் வழி உண்டு. அந்த ரேகையை வங்கிக்கு அறிமுகமான இரு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவருள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருப்பார்.

மத்திய அரசின் ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். அவர்களுள் 80 வயது நிரம்பியவர்கள் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். இடைக்காலப் பராமரிப்பு அம்மாதங்களில் அமைந்தால், புறப்படும் முன்பே இதனை முடித்துவிடுங்கள். கைப்பேசியில் முகம் காட்டிப் பதிவு செய்யும் ஜீவன் பிரமாண் வசதியும் இருக்கிறது.

எல்லாவற்றினும் முதன்மையானது, முதியவரின் நினைவு தெளிவாக இருக்கும்போதே கணக்கை இயக்கும் ஏற்பாட்டைச் செய்வது. கணக்கை இயக்க மற்றொருவர்க்கு அனுமதி அளிக்கும் ஆணைக் கடிதம், கூட்டுக் கணக்கு, அதிகாரப் பத்திரம் ஆகிய மூன்று வழிகள் உள்ளன. கூட்டுக் கணக்கில் ‘எவரேனும் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறை இருந்தால், இருவரில் எவரும் முழுத் தொகையையும் எடுக்கலாம் என்பதை உணர்ந்தே கையெழுத்திட வேண்டும். அதிகாரப் பத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதிகாரம் அளித்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் முடிவுக்கு வருகிறது. மறதிநோய் முற்றிய பின் அப்பத்திரத்தைக் கொண்டு கணக்கை இயக்க முயலும் குடும்பங்கள் நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலைக்கு ஆளாகலாம். வாரிசு நியமனம் செய்திருப்பதும் இதற்கு உதவாது. நியமனதாரர்க்கு உரிமை, கணக்கு வைத்திருப்பவரின் மறைவுக்குப் பின்னரே எழும்.

முதியவர் மட்டும் உதவியாளருடன் வீட்டில் இருக்கும்போது, காவல்துறை என்றும் வங்கி என்றும் சொல்லி அச்சுறுத்தும் அழைப்புகள் வரலாம். அத்தகைய அழைப்பைத் துண்டித்துவிட்டுக் குடும்பத்தாரை அழைக்கும்படி சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டதென்று அறிந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

முதியவரிடம் பேசுதல்

இத்தனை ஏற்பாடுகளையும் முதியவருக்குத் தெரியாமல் செய்துவிட்டு, ‘கோயிலுக்குப் போகலாம்’ என்று சொல்லி இல்லத்தில் கொண்டுவிடுவோர் உண்டு. அன்றைய சிக்கல் அதனால் தீரலாம். ஆனால் முதியவரின் நம்பிக்கை போய்விடும். அடுத்த முறை மருத்துவமனைக்கு அழைத்தாலும் அவர் அஞ்சுவார். புரிந்துகொள்ளும் நிலையில் உள்ளவரிடம் காரணத்தையும் நாள்களின் எண்ணிக்கையையும் திரும்பும் தேதியையும் நேராகச் சொல்லுங்கள். நாட்காட்டியில் அத்தேதியைக் குறித்து அவரிடமே கொடுங்கள். ‘எனக்கு உடம்பு சரியில்லை அத்தை, பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று மருமகள் சொன்னால், பெரும்பாலான மாமியார்கள் புரிந்துகொள்வார்கள். அவர்கள் அஞ்சுவதெல்லாம் திரும்ப அழைத்துப்போக யாரும் வரமாட்டார்களோ என்பதே.

முதலில் அரைநாள், அடுத்து ஓர் இரவு என்று பழக்குவது அச்சத்தைக் குறைக்கும். தங்கும் நாள்களில் தினமும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் பேசுங்கள். உறவினர் ஒருவர் ஒருநாள் விட்டு ஒருநாள் நேரில் சென்று பார்க்கட்டும். வீடு திரும்பிய அன்று தோலில் சிவப்போ புண்ணோ உள்ளதா, எடை குறைந்துள்ளதா, மருந்துகள் சரியாகக் கொடுக்கப்பட்டனவா என்று பாருங்கள். அக்குறிப்பு அடுத்த முறை முடிவெடுக்க உதவும்.

‘முதியவரை வேறிடத்தில் விடுவது சட்டப்படி குற்றமாகாதா?’ என்று சிலர் தயங்குகின்றனர். முதியவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வதையே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு குற்றம் என்கிறது. அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, ₹5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சேரும் நாள், திரும்பும் நாள், கட்டணம், அவசரத் தொடர்பு ஆகியவற்றை எழுத்தில் குறித்து, முதியவரின் ஒப்புதலுடன் செய்யும் இடைக்கால ஏற்பாடு அவ்வகையில் சேராது.

இம்மாதத்திலேயே தொடங்கலாம்

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்து முடிக்க இயலாது, தேவையுமில்லை. முதல் வாரத்தில் முதியவரின் தேவைக் குறிப்பை எழுதுங்கள். இரண்டாம் வாரத்தில் 14567-ஐ அழைத்து அருகிலுள்ள இரண்டு இடங்களின் பெயரைப் பெறுங்கள். மூன்றாம் வாரத்தில் அவற்றை நேரில் பாருங்கள். நான்காம் வாரத்தில் முதியவரின் கணக்கு ஏற்பாடுகளைக் கிளையில் சரிபார்த்து, பராமரிப்பவரின் பெயரில் ஒரு தொடர் வைப்பைத் தொடங்குங்கள். பின்னர் குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் ஒருநாளில், வீட்டில் பராமரிப்பவரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘நீ தள்ளிப்போட்டு வைத்திருக்கும் மருத்துவப் பரிசோதனை எது?’ அதற்குரிய நாளை நாட்காட்டியில் குறித்துவிட்டால், இடைக்காலப் பராமரிப்பு எந்த நாள் முதல் எந்த நாள் வரை தேவை என்பது தானே தெளிவாகிவிடும்.